உடலுக்குள் ஒரு மடை

பலமாக ஒரு முறை இருமிப் பாருங்கள். அந்த நொடியில் வயிற்றுத் தசைகள் இறுகி, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் நசுக்குகின்றன. சிறுநீர்ப்பையும் அதில் அடக்கம். அப்போது பையின் மேல் விழும் அழுத்தம் 100 சென்டிமீட்டர் நீர்த்தூணையும் தாண்டிப் போகும். ஒரு மீட்டர் உயரக் குழாயில் தண்ணீரை நிரப்பி நிறுத்தினால் அதன் அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, அவ்வளவு. பையில் அரை லிட்டர் வரை சிறுநீர் இருக்கலாம். அடியில் திறப்பும் இருக்கிறது. ஆனாலும் ஒரு சொட்டு வெளியே வருவதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இதன் அருமை சட்டென்று பிடிபடும். ஆயிரக்கணக்கான கண்மாய்களை நம்பிப் பயிர் வைத்த மண் அது. மண்ணைக் கொட்டிக் கரை போடுவதற்கு உழைப்பு போதும். தூம்பு, அதாவது மடை, வைப்பதற்குத்தான் மூளை வேண்டும். கரைக்குச் சற்று உள்ளே, நீருக்கு நடுவில் நிற்கும் இரண்டு கல்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு அடியில் கல்தொட்டி, தொட்டியில் துளை, துளையை அடைக்கும் குமிழி. கண்மாய் நீரின் முழுப் பளுவையும் தாங்கி மூடிக் கிடக்க வேண்டும். வயலுக்குத் தண்ணீர் வேண்டும்போது ஓர் ஆள் திறக்க முடியவும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் சாதித்ததால்தான், தூம்பு வைத்தவரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

ஆணின் உடலில் இப்படி இரண்டு மடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. முதலாவது சிறுநீர்ப்பையின் கழுத்தில். நம் விருப்பத்தைக் கேட்காமல் தானே மூடியிருக்கும் சுருக்குத்தசை அது. (துணிப்பையின் வாயைச் சுருக்குக் கயிறு இறுக்குவதுபோல் குழாயைச் சுற்றி இறுக்கும் தசை என்பதால் அந்தப் பெயர்.) அதற்குக் கீழே புராஸ்டேட் சுரப்பி, சிறுநீர்க்குழாயை நடுவில் வைத்து மூடி உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் கீழே இரண்டாவது மடை, நாம் அடக்கி வைக்கும்போது பயன்படுவது. அதன் தசைநார்களில் பெரும்பகுதி மெதுவாகச் சுருங்கும் வகை. களைப்பே இல்லாமல் மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும். இருமல் வரும்போது வயிறு இறுகுவதற்கு ஒரு கணம் முன்பே நரம்புகள் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கிவிடுகின்றன. தும்மல் வருவது நமக்குத் தெரியும் முன்பே மடைக்குத் தெரிந்துவிடுகிறது!

புராஸ்டேட்டில் புற்றுநோய் வந்து சுரப்பியை முழுவதுமாக எடுக்க நேர்ந்தால், மேல்மடையின் பெரும்பகுதியும் அதோடு போய்விடும். சிறுநீர்ப்பையைக் கீழே இழுத்துச் சிறுநீர்க்குழாயோடு தைத்துவிடுவார்கள். அதன்பின் வேலை முழுவதும் கீழ்மடையின் தலையில் விழுகிறது. அதுவும் அறுவையில் கொஞ்சம் அடிபட்டிருந்தால், இருமினாலும், தும்மினாலும், நெல் மூட்டையைத் தூக்கினாலும், உட்கார்ந்து எழுந்தாலும் சிறுநீர் சிந்தும். இதுதான் அழுத்தக் கசிவு. இடுப்பெலும்பு முறியும் சாலை விபத்துகளாலும் வரும். புராஸ்டேட் வீக்கத்துக்குச் செய்யும் சாதாரண அறுவைக்குப் பின் அரிதாக வரும்.

புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மனத்தில் வைத்திருந்து, 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் இருந்த ஒரே கேள்வி, நோயாளி பிழைப்பாரா என்பதுதான். இன்று பிழைத்தவர் எப்படி வாழ்கிறார் என்ற கேள்வியும் சேர்ந்திருக்கிறது. கசிவு உள்ள ஆண் அதை யாரிடமும் சொல்வதில்லை. பஸ் பயணத்தை நிறுத்துகிறார், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார மறுக்கிறார். சிறுநீரை உறிஞ்சும் பேட் வேட்டிக்குள் நிற்காது என்று கால்சட்டைக்கு மாறுகிறார். வீட்டில் உள்ளவர்கள் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பெரும்பாலோருக்கு இந்தக் கசிவு தானாகவே குறையும். இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தொடர்ந்து செய்தால், அறுவைக்குப் பின் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் நல்ல மாற்றம் தெரியும். அதனால்தான் மருத்துவர்கள் அவசரப்படுவதில்லை. அதற்குப் பிறகும் சிந்திக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் நாம் இப்போது பார்க்கப்போகும் பொறி.

உடைந்த மடைக்கு மாற்று மடை வைக்கலாம் என்று முதலில் வழி காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி. மருத்துவமனையில் சிறுநீருக்கு ட்யூப் போட்டிருக்கிறார்கள் என்கிறோமே, நுனியில் பலூன் வைத்த அந்த ட்யூப் இவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. 1947ல் அவர் வெளியிட்ட யோசனை துணிச்சலானது: சிறுநீர்க்குழாயைச் சுற்றி, உடலுக்கு வெளியே, காற்றடைக்கும் பட்டை ஒன்று, அதற்கான பம்ப் உடுப்பின் பையில். அது பரவவில்லை. ஆனால் குழாயைச் சுற்றி ஒரு பட்டை, அதை ஊத ஒரு பம்ப் என்ற கருத்து நிலைத்துவிட்டது.

கால் நூற்றாண்டு கழித்து, 1972ல், ஹூஸ்டன் பேலர் மருத்துவக் கல்லூரியின் பிரான்ட்லி ஸ்காட் முழுப் பொறியையும் உடலுக்குள்ளேயே வைத்தார். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் வில்லியம் பிராட்லியும் பொறியாளர் ஜெரால்டு டிம்மும் கூட்டாளிகள். முதல் பொறியில் இரண்டு பம்புகள் இருந்தன. ஒன்றை அமுக்கினால் மூடும், மற்றொன்றை அமுக்கினால் திறக்கும். மறதிக்காரர் என்ன செய்வார்? அடுத்தடுத்த வடிவங்களில் ஒரு பம்பைத் தூக்கியே விட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் ஏஎம்எஸ் 800 என்ற வடிவம் வந்தது. சின்னச் சின்ன மாற்றங்களோடு நாற்பதாண்டுகளாக உலகெங்கும் மருத்துவர்கள் வைப்பது பெரும்பாலும் அதைத்தான். கைப்பேசி ஆண்டுக்கொரு முறை மாறும் காலத்தில், அதே பொறியை அதே வேலைக்கு நாற்பதாண்டு வைத்திருக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்க வேண்டும்.

இதில் மின்சாரம் கிடையாது. பேட்டரி கிடையாது. மோட்டார் கிடையாது. சிலிக்கோனால் ஆன மூன்று உறுப்புகள், அவற்றை இணைக்கும் மெல்லிய குழாய்கள், உள்ளே இருபது சொச்சம் மில்லிலிட்டர் உப்புநீர். முழுப் பொறியும் அவ்வளவே.

முதல் உறுப்பு பட்டை. இரு தொடைகளுக்கும் நடுவே, சிறுநீர்க்குழாய் சற்றுத் தடித்திருக்கும் இடத்தில் அதைச் சுற்றிக் கட்டுகிறார்கள். பெரும்பாலோருக்குச் சுற்றளவு 4 அல்லது 4.5 சென்டிமீட்டர், அறுவையின்போதே நாடா வைத்து அளந்து எடுப்பார்கள். தளர்ந்தால் கசியும், இறுகினால் குழாய் புண்ணாகும். அரை சென்டிமீட்டருக்கு இவ்வளவு கவலைப்படும் வேலை இது.

இரண்டாவது பலூன். அடிவயிற்றுக்குள் மறைந்திருக்கிறது. பார்த்தால் சாதாரணம், ஆனால் பொறியின் மூளை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்லுவேன். பட்டையை எவ்வளவு அழுத்தத்தில் இறுக்க வேண்டும் என்பதை இதன் சுவரின் இழுவிசை தீர்மானிக்கிறது. பலூன் ஊதியவர்களுக்குத் தெரியும்: முதல் ஊதல்தான் கடினம், அதன்பின் காற்று கூடினாலும் ஊதும் சிரமம் கூடுவதில்லை. அந்தக் குணத்தைத்தான் இங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே உப்புநீர் சில மில்லி கூடினாலும் குறைந்தாலும் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். மீட்டர் இல்லாமல், வால்வு இல்லாமல், ரப்பரின் சுபாவத்தாலேயே அளவு காக்கிறது. 51–60, 61–70, 71–80 சென்டிமீட்டர் நீர்த்தூண் என்று பல வகைப் பலூன்கள் உண்டு. மருத்துவர் அதிகம் எடுப்பது 61–70.

அந்த எண்ணைக் கவனித்தீர்களா? இருமலின் அழுத்தம் 100ஐத் தாண்டும் என்று பார்த்தோம். மூடும் பட்டையின் அழுத்தமோ 70தான். ஏன் இன்னும் கொஞ்சம் இறுக்கக் கூடாது?

காரணம் ரத்தம். 61–70 சென்டிமீட்டர் நீர்த்தூணை, ரத்த அழுத்தம் பார்க்கும்போது சொல்லும் மில்லிமீட்டர் பாதரசக் கணக்குக்கு மாற்றினால் ஏறத்தாழ 45 முதல் 51 வரும். நல்ல ஆரோக்கியமானவரின் ரத்த அழுத்தம் 120/80 என்கிறோமே, அதில் கீழ் எண்ணான 80ஐவிட இது நன்றாகவே குறைவு. பட்டை அதைத் தாண்டி அழுத்தினால், அடியில் உள்ள சிறுநீர்க்குழாய்க்கு ரத்தம் போகாது, திசு செத்துப்போகும். சிறுநீரை நிறுத்தும் அளவுக்கு இறுக்கம், ரத்தத்தை நிறுத்தாத அளவுக்குத் தளர்ச்சி. இந்தக் குறுகிய சந்தில்தான் பொறி ஓடுகிறது. பலத்த திடீர் இருமலில் சில சொட்டுகள் கசியலாம் என்பதும் இதனால்தான். இந்தத் துறையில் நாளுக்கு ஒரு பேட் வரை பயன்படுத்தினாலும் கசிவு கட்டுக்குள் இருப்பதாகக் கணக்கு வைக்கிறார்கள்.

மூன்றாவது உறுப்பு பம்ப். விதைப்பையின் தோலுக்கடியில் இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கழிப்பறைக்குப் போனதும் அதன் கீழ்ப்பாதியான மென்மையான குமிழை இரண்டு மூன்று முறை அமுக்க வேண்டும். பட்டையில் இருந்த உப்புநீர் பலூனுக்குப் போய்விடும். பட்டை தொய்ந்து வழி திறக்கும். சிறுநீர் கழித்தபின் மூடுவதற்கு? எதுவும் செய்ய வேண்டாம். பம்பின் மேல்பாதிக்குள் மிக நுண்ணிய ஒரு தடை இருக்கிறது. பலூனிலிருந்து நீர் அதன் வழியாக மெல்ல மெல்லத்தான் திரும்ப முடியும். பட்டை மறுபடி நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அந்த அவகாசத்துக்குள் வேலை முடிந்துவிடும். கடிகாரமே இல்லாமல் நேரம் பார்க்கும் ஏற்பாடு.

நாளைக்கு ஆறு முறை என்று வைத்தாலும் பத்தாண்டில் ஏறக்குறைய 22,000 தடவை இந்தப் பட்டை திறந்து மூடுகிறது. ஒரு சொட்டு எண்ணெய் போடாமல்.

பம்பின் மேல்பாதியில் ஒரு சின்னப் பொத்தானும் உண்டு. பட்டையைத் திறந்துவிட்டு அதை அமுக்கினால், திறந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். அறுவை முடிந்தபின் சுமார் ஆறு வாரம் அப்படித்தான் பூட்டி வைத்திருப்பார்கள். புண் ஆறும்வரை குழாயை யாரும் அமுக்கக் கூடாது. முந்தைய வடிவங்களில் பொறியை இயக்கி வைக்கவே இன்னோர் அறுவை வேண்டியிருந்தது. இந்தப் பொத்தான் அதை ஒழித்தது. சில மருத்துவர்கள் இரவில் படுக்கும்போதும் திறந்து பூட்டி வைக்கச் சொல்கிறார்கள். படுத்திருக்கும்போது கசிவு குறைவு, அந்த நேரத்தில் திசுவுக்கு ரத்தம் தாராளமாகப் போகட்டும் என்று.

உள்ளே ஊற்றும் நீரிலும் நுட்பம் இருக்கிறது. சிலிக்கோன் சுவர் வழியே நீர் மிக மெதுவாகக் கசிந்து போய்வரும். அதனால் உடலின் உப்பளவுக்குச் சமமான கரைசலைத்தான் ஊற்றுவார்கள். இல்லாவிட்டால் மாதங்கள் போகப் போகப் பொறி வீங்கும் அல்லது வற்றும். சிலர் உப்புநீருக்குப் பதிலாக எக்ஸ்ரேயில் தெரியும் கரைசலை நிரப்புகிறார்கள். பிற்காலத்தில் பழுது வந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்தே பலூனில் நீர் இருக்கிறதா, ஒழுகிவிட்டதா என்று சொல்லிவிடலாம்.

கசிவு குறைவாக உள்ளவர்களுக்கு இதைவிட எளிய இன்னொரு வழி உண்டு. பாலிபுரொப்பிலீன் வலைநாடா ஒன்றைச் சிறுநீர்க்குழாயின் தடித்த பகுதிக்குக் கீழே ஏணைபோல் கொடுத்து, அதன் இரு முனைகளையும் இடுப்பெலும்பின் இரு துளைகள் வழியாக இழுத்து விடுவார்கள். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கைச் சேர்ந்த பீட்டர் ரேடரும் கிறிஸ்டியன் கோஸியும் 2007ல் வெளியிட்ட முறை. இது குழாயை இறுக்குவதில்லை. கீழே சரிந்த கீழ்மடையைப் பழைய இடத்துக்குத் தூக்கி வைக்கிறது, மீதியைத் தசை பார்த்துக்கொள்கிறது. அமுக்க எதுவும் இல்லை. ஆனால் நாடா திசுவோடு ஒட்டும்வரை சில வாரங்களுக்குக் குந்தி உட்காரக் கூடாது, பளு தூக்கக் கூடாது. நம் ஊர்க் கழிப்பறைகளையும் வயல் வேலையையும் நினைத்தால் இந்த ஒரு நிபந்தனையே பெரிது. தசையில் கொஞ்சமாவது உயிர் இருப்பவர்களுக்குத்தான் இது பலன் தரும். கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும், நாள் முழுக்கக் கொட்டுபவர்களுக்கும் பட்டைதான் சரி.

இரண்டில் எது மேல்? பிரிட்டனில் 380 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2021ல் வெளிவந்தது. ஓராண்டு கழித்து, ஒரு சொட்டு சிந்தினாலும் கசிவு என்று கணக்கிட்டால், நாடா வைத்தவர்களில் 87 சதவீதத்தினருக்கும், பட்டை வைத்தவர்களில் 84 சதவீதத்தினருக்கும் கசிவு இருந்தது. இதைப் படித்ததும் அறுவையே வீண் என்று தோன்றும். அதே ஆய்வில் கசிவின் கடுமையை 21க்கு மதிப்பெண் போட்டு அளந்தார்கள். அறுவைக்கு முன் 16 இருந்தது, ஓராண்டில் நாடாவுக்கு 8.7, பட்டைக்கு 7.5 என்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. முழுக்க உலர்வது அபூர்வம். பாதியாகக் குறைவது சகஜம். அறுவைக்குச் சம்மதிக்கும் முன் இந்த இரண்டையும் ஒருவர் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

இனி நீண்ட காலக் கணக்கு. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை, செயற்கைச் சுருக்குத்தசை எனப்படும் இந்தப் பொறியை முதன்முறையாக வைத்துக்கொண்ட 1,082 ஆண்களைப் பின்தொடர்ந்து 2015ல் வெளியிட்டது. மறு அறுவை இல்லாமல் முதல் பொறியே ஓடியது ஓராண்டில் 90 சதவீதம், ஐந்தாண்டில் 74, பத்தாண்டில் 57, பதினைந்தாண்டில் 41. அதாவது பத்தாண்டு கழித்துப் பத்துப் பேரில் ஆறு பேரிடம் பழைய பொறியே வேலை செய்துகொண்டிருக்கும்.

பிரான்சிலிருந்து வந்த ஆய்வு சிறியது. 1984க்கும் 1992க்கும் இடையில் பொறி வைத்த 57 பேர்தான். ஆனால் இருபதாண்டு வரை பார்த்தார்கள். இருபதாண்டில் ஒரு முறைகூடப் பழுது பார்க்காமல் ஓடியவை வெறும் 5 சதவீதம். இதை மட்டும் சொன்னால் கடையில் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் பொறியை ஒரேயடியாகக் கழற்ற நேராதவர்கள் இருபதாண்டிலும் 80 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் விஷயமே இருக்கிறது. பொறி தேயும், ஆனால் அதைத் திறந்து சரி செய்யலாம், புதிது மாற்றலாம். வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பழுது பார்த்து அதையே தொடர்ந்து வைத்திருந்தார்கள்.

பழுது எங்கே வருகிறது என்பது இன்னும் சுவையானது. சில சமயம் சிலிக்கோனில் நுண்ணிய ஓட்டை விழுந்து நீர் வடிந்துவிடும்; உப்புநீர்தானே, உடலுக்குத் தீங்கில்லை, பொறி மட்டும் நின்றுபோகும். சில சமயம் பொறி நன்றாக இருக்கும், அடியில் உள்ள சிறுநீர்க்குழாய் ஆண்டுக்கணக்கான அழுத்தத்தில் மெலிந்துவிடும். பட்டை அதே பட்டைதான், குழாய்தான் இளைத்துப்போயிருக்கும். அப்போது சிறிய பட்டை போட வேண்டும், அல்லது சற்று இடம் மாற்றி வைக்க வேண்டும். பயப்பட வேண்டியவை இரண்டு: கிருமி புகுவது, பட்டை குழாயை அரித்து உள்ளே நுழைவது. அப்போது முழுப் பொறியையும் எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் ஆறவிட்டுப் பிறகுதான் புதிது வைக்க முடியும். கிருமியைத் தடுக்கப் பொறியின் மேற்பரப்பிலேயே ரிஃபாம்பிசின், மினோசைக்ளின் என்ற இரண்டு மருந்துகளைப் பூசி அனுப்புகிறார்கள். கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு அரிப்பு வரும் வாய்ப்பு கூடுதல்.

சைக்கிளும் ஒரு பகைதான். பட்டை இருக்கும் இடமும் சீட்டு அழுத்தும் இடமும் ஒன்றே. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏற்றிய புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆணிடம் போய்ச் சைக்கிளை விடச் சொல்வது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொறியின் விலை பல லட்சம். இறக்குமதிச் சரக்கு. இந்தியாவில் பெரும்பாலோர் பேட், ஆணுறை வடிவ உறையோடு இணைத்த பை, கிளிப் என்று காலம் தள்ளுவதற்கு இதுவே முதல் காரணம். சென்னை டிடிகே நிறுவனமும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையமும் சேர்ந்து உள்நாட்டிலேயே இதய வால்வு செய்தன. 1990ல் அது முதல் மனிதருக்கு வைக்கப்பட்டது. நிமிடத்துக்கு எழுபது தடவை திறந்து மூடும் வால்வை நம்மால் செய்ய முடிந்தது. நாளைக்கு ஆறு தடவை திறக்கும் மடை ஏன் மலிவாக முடியாது என்று கேட்கத் தோன்றுகிறது. பிரான்சிலோ 2022ல் மின்னணு முறையில் இயங்கும் செயற்கைச் சுருக்குத்தசையை மனித உடலில் வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். விரல் வலுவிழந்த முதியவர்களுக்குப் பம்ப் அமுக்கும் வேலை மிச்சம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது புராஸ்டேட் அறுவை நடந்து ஓராண்டாகியும் கசிவு நிற்கவில்லை என்றால், சிறுநீரக அறுவை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இந்தப் பொறியை அடிக்கடி வைக்கும் மையம் எது என்று கேளுங்கள், முதலமைச்சர் காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் அங்கேயே விசாரியுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர் என்றால், அதைச் சொல்லும் அட்டையை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்; மனைவி, பிள்ளைகளுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். விபத்திலோ மயக்கத்திலோ ஏதோ ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் அங்கே முதலில் சிறுநீருக்கு ட்யூப் போடுவார்கள். பட்டை மூடியிருக்கும்போது ட்யூபைத் தள்ளினால் குழாய் கிழியும், பொறியே போய்விடும். பம்பை அமுக்கிப் பட்டையைத் திறந்து, பொத்தானை அமுக்கிப் பூட்டிய பிறகு, மெல்லிய ட்யூபைத்தான், அதுவும் குறைந்த நேரத்துக்குத்தான் போட வேண்டும் என்று அங்குள்ளவர்களிடம் சொல்ல அப்போது உங்களை விட்டால் ஆள் இருக்காது.